வாழைக்கு ஊற்றிய இரும்பு மிக்சர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கொப்பியை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், பிறகு மூடி வைத்துவிடுவேன். படிப்பில்லாதவன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம், பதுளையில் மூன்று வருடம், அவ்வளவுதான் என் படிப்பு. வயிற்று நோயையும் மலத்தையும் பற்றி எழுதினால் யார் முகம் சுளிக்காமல் படிப்பார்கள் என்றும் யோசித்தேன். ஆனால் உண்மைக் காரணம் வேறு. இதில் என் பிழை ஒன்று இருக்கிறது. அந்தப் பிழைக்காகவே எனக்கு நல்ல பேர் கிடைத்தது. கிடைத்த நல்ல பேரைத் தானே கெடுத்துக்கொள்ள எளிதில் மனம் வருவதில்லை.

பழனியாண்டி என்று ஒரு கவ்வாத்துக்காரர் இருந்தார். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்கும் வேலை அவருக்கு. நான் சொன்ன ஒரு பதிலால் அவர் செத்துப்போயிருக்க வேண்டியவர். மாரியம்மன் காப்பாற்றினாள். எப்படிக் காப்பாற்றினாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எந்த மலையில் வலி

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதையில் பிரிந்து மேலே ஏறினால் அந்தத் தோட்டம் வரும். பெயர் வேண்டாம். டிஸ்பென்சரி என்பது தகரக் கூரை போட்ட இரண்டு காம்பரா. ஒன்றில் மருந்து அலமாரி, மற்றதில் இரண்டு கட்டில். புண் கட்டுவது, மருந்து கலக்குவது, போத்தல் கழுவுவது என் வேலை. எனக்கு மேலே டிஸ்பென்சர் ஐயா. யாழ்ப்பாணத்தவர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

முதல் நாள் காலையில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி வயிற்று வலி என்று வந்து நின்றாள். "நீரே விசாரியும்" என்றார் ஐயா.

"எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

"வயித்துலதாங்க."

"வயித்துல எங்க?"

"வயித்துக்குள்ளதாங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "வயிறு எண்டது ஒரு முழுத் தோட்டம் ஐசே. எந்த மலையிலை வலி எண்டு கேளும். மேல் மலையோ, நடு மலையோ, கீழ் மலையோ?"

எங்கள் தோட்டங்களில் தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியையும் மலை என்றுதான் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. அந்தப் பெண்ணுக்கு உடனே விளங்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே கையை வைத்து, "கீழ் மலைங்க, இறுக்கிப் புடிக்குது" என்றாள். ஒரு மாதத்திற்குள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுவதும் அந்தப் பேச்சுக்குப் பழகிவிட்டது. "ஐயா, நடு மலையில முறுக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து வருவார்கள்.

அந்த ஐயாவிடம் நான் கற்றது இதுதான். மேல் மலையில், நெஞ்சுக்குழிக்குக் கீழே காந்தினால், சாப்பிட்டதும் குறைகிறதா கூடுகிறதா என்று கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் காந்தி, ஒரு துண்டு ரொட்டி தின்றதும் அடங்கினால் உள்ளே புண் இருக்கலாம். தொப்புளைச் சுற்றி முறுக்கி, பிள்ளை இரவில் பல்லைக் கடித்தால் நாக்குப்பூச்சி. கீழே கடுத்து, சளியும் இரத்தமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சீதபேதி. அதற்கு விழுங்கச் சல்பா குளிசை, உப்புப் போட்ட கஞ்சி, கொதித்தாறிய தண்ணீர்.

அந்த முதல் நாள் பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. மலச்சிக்கல். நான் பேதி உப்பை எடுத்தேன். ஐயா தடுத்தார். "காலையிலை ஆறு மணிக்கு மலைக்குப் போறவள், மத்தியானம் வரைக்கும் எங்கை ஒதுங்கிறது எண்டு கேட்டனீரோ?" நான் கேட்கவில்லை. அந்த மலையில் மறைவான இடமே கிடையாது. கூடவே வேலையை மேற்பார்க்கும் கங்காணி நிற்பார். அடக்கி அடக்கி வந்த வினை. ஐயா அன்று மாலையே பெரிய கங்காணியைப் பார்த்துப் பேசினார். மலைக்கு ஒரு மூலையில் சாக்கு மறைப்புக் கட்டினார்கள். அந்தப் பெண் பிறகு மருந்துக்கு வரவேயில்லை.

இப்படிப்பட்டவரிடம் படித்தும் நான் பிழை விட்டேன்.

எல்லாருக்கும் ஒரே பதில்

வெறுங்காலோடு மண்ணில் நிற்கும் சனத்துக்குக் கொக்கிப்புழு வராமல் இருக்காது. கால் வழியாக ஏறி, குடலில் தொங்கி, இரத்தம் குடிக்கும் புழு அது. வருடத்தில் சில நாட்கள் லயம் லயமாகப் பூச்சி மருந்து கொடுப்போம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் இரும்பு மிக்சர் எழுதுவோம். அவரவர் கொண்டுவரும் போத்தலில் ஊற்றி, பக்கவாட்டில் காகிதத்தில் கோடு கிழித்து ஒட்டுவோம். ஒரு வேளைக்கு ஒரு கோடு.

இரும்பு மிக்சர் குடித்தால் இரண்டு விஷயம் நடக்கும். நாக்கு கறுக்கும். மலமும் கறுக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்து ஓடி வருவார்கள்.

"ஐயா, கருப்பா போகுதுங்க."

"மிக்சர் குடிக்கிறீங்கல்ல?"

"ஆமாங்க."

"அதுதான். ஒண்ணுமில்ல, போங்க."

ஒரு நாளைக்கு நாலு பேராவது வருவார்கள். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அவர்கள் கேள்வியை முடிக்கும் முன்னே என் வாயில் பதில் வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இமை வெளுத்தவர்களுக்கு லேசான வேலை கொடுக்க வேண்டும் என்று ஐயா பெரிய கங்காணியிடம் கேட்டு வாங்கியிருந்தார். பெரிய கங்காணி கெட்டவர் அல்ல. ஆனால் அவர் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். மருந்து குடிக்கிறவனுக்குத்தான் லேசான வேலை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, "மருந்து குடிச்சாச்சா?" என்று கேட்பார். "ஆச்சுங்க" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போல இருக்கும். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நம் சனம் எவ்வளவு ஒழுங்காக மருந்து குடிக்கிறது என்று நினைத்தேன்.

காப்புக் கட்டிய வாரம்

நான் சேர்ந்து ஏழாவது வருடம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. டிஸ்பென்சர் ஐயா தங்கையின் கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார். டிஸ்பென்சரியில் நான் மட்டும்.

பழனியாண்டி வந்தார். நாற்பது வயதிருக்கும். பெரிய தோள். அந்த வருடம் இமை வெளுத்து, கவ்வாத்திலிருந்து மாற்றி நாற்று மேடையில் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்திருந்தோம். அவருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. நாலாவது பெண் குழந்தைக்கு அம்மை போட்டு, பிழைக்காது என்று இருந்தபோது, பிழைத்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். குழந்தை பிழைத்தது. அந்த வருடம்தான் சட்டி எடுக்கும் வருடம். மஞ்சள் வேட்டி, கையில் மஞ்சள் கயிறு, ஒரு நேரச் சாப்பாடு.

"வயிறு காந்துதுங்கய்யா. எந்திரிச்சா தலை சுத்துது."

"எந்த மலையில?"

"மேல் மலைங்க." சிரிக்கப் பார்த்தார். "கருப்பாவும் போகுதுங்க."

"இரும்பு மிக்சர் குடிக்கிறீங்கல்ல?"

ஒரு சின்ன இடைவெளி இருந்தது. இப்போது யோசித்தால் எனக்கு அந்த இடைவெளி கேட்கிறது. அப்போது கேட்கவில்லை.

"ஆமாங்கய்யா."

"போத்தல் கொண்டாந்தீங்களா?"

மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். கணக்குப்படி எத்தனை கோடு குறைந்திருக்க வேண்டுமோ அத்தனை கோடு குறைந்திருந்தது. அளவு தப்பவில்லை.

"அதுதான்," என்றேன். "மருந்தாலதான் கருப்பா போகுது. விரதம் இருக்கீங்க, அதான் தலை சுத்துது. வயித்துக்கு ஒரு மிக்சர் தாறேன், திருவிழா முடிஞ்சதும் நல்லாச் சாப்பிடுங்க."

கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு மனிதனின் உயிர் கதவைத் தட்டியது, நான் திறந்து பார்க்காமலே ஆளில்லை என்று சொல்லி அனுப்பினேன். அன்று இரவு நான் நன்றாகத்தான் தூங்கினேன்.

உச்சிப் பூசை

அதே வாரம் வெள்ளிக்கிழமை. உச்சிப் பூசைக்கு நானும் கோயிலுக்குப் போயிருந்தேன். தோட்டத்து உத்தியோகத்தர்கள் லயத்துக் கோயிலுக்கு அதிகம் போகமாட்டார்கள். நான் போவேன். என் தகப்பனும் லயத்துக்காரர்தான், எனக்கு வேறு அம்மன் கிடையாது.

முத்தையாப் பூசாரி தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் பழனியாண்டி நின்றார். தலையை அண்ணாந்து வாயைத் திறந்து தீர்த்தத்தை விட்டுக்கொண்டார். உச்சி வெயில் நேராக அவர் வாய்க்குள் விழுந்தது. நாக்கைப் பார்த்தேன்.

கறுப்பு இல்லை. வெளுத்த துணி மாதிரி, ஒரு கறையும் இல்லாத நாக்கு.

வெற்றிலை போடுகிறவர்களின் நாக்கில் மருந்துக் கறையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் காப்புக் கட்டியவர் வெற்றிலை தொடமாட்டார். மருந்து குடித்திருந்தால் அந்த நாக்கு தோசைக்கல் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

மருந்து குடிக்கவில்லை என்றால் மலம் ஏன் கறுக்கிறது? ஐயா எனக்குச் சொல்லியிருந்தார். உள்ளே புண் வெடித்து இரத்தம் கசிந்தால், அது கீழே வரும்போது கறுத்துத்தான் வரும்.

அவரைக் கோயில் மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். பின்னாலேயே அவர் மனைவி செல்லாயி வந்தாள். அவள் கண்ணில் படாமல் பழனியாண்டி எங்கும் போக முடியாது.

"நாக்க நீட்டுங்க."

"கோயில்லயா?" என்றார் பழனியாண்டி. "அம்மனே இன்னும் நாக்க நீட்டல, நான் நீட்டவா?"

"மருந்து குடிச்சீங்களா?"

"குடிச்சேங்கய்யா."

"பழனியாண்டி, நான் பெரிய கங்காணி இல்ல. இது பெரட்டும் இல்ல."

அவர் தரையைப் பார்த்தார். செல்லாயிதான் பேசினாள். "சொல்லித் தொலைங்க. இல்லன்னா நான் சொல்றேன். ஐயா, இவரு காப்புக் கட்டுனதுல இருந்து ஒரு சொட்டுக் குடிக்கல. மருந்துல சாராய வாடை வருதாம், வெரதம் கெட்டுப்போயிருமாம். அதுக்கு முன்னாடியும் அரையுங் குறையுந்தான். கங்காணிக்குத் தெரிஞ்சா திரும்பக் கவ்வாத்துக் கத்தியக் குடுத்துருவாருன்னு, நாளுக்கு மூணு கோடு நாந்தான் வாழைக்கு ஊத்துனேன்."

"வாழைக்கா?"

"காம்பராவுக்குப் பின்னால ஒண்ணு நிக்குதுல்ல. அது நல்லாத் தேறிருச்சுங்க. இவருதான் தேறல."

நான் சிரிக்கவில்லை. நாடியைப் பிடித்தேன். ஓட்டமாக ஓடியது. "எப்படிக் கருப்பு? மருந்துக் கருப்பு மாதிரிப் பச்சை கலந்ததா, தார் மாதிரியா?"

பழனியாண்டி தணிந்த குரலில், "ரோட்டுல ஊத்துற தாருங்க. ஒட்டிக்கிது. நாத்தம் தாங்கல" என்றார். சொல்லிக்கொண்டே மரத்தைப் பிடித்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

அதற்குள் பூசாரி வந்துவிட்டார். நான் பழனியாண்டியைப் பார்த்துக் கையைக் கூப்பினேன். உத்தியோகத்தர் ஒருவர் தொழிலாளியைப் பார்த்துக் கை கூப்புவதை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார்கள். "நான் பிழையாச் சொல்லிட்டேன். மருந்தாலன்னு சொன்னது பிழை. உள்ளுக்குள்ள ரத்தம் போகுது. இப்பவே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகணும். போகலன்னா உயிருக்கு மோசம்."

பழனியாண்டி தலையை ஆட்டினார். "காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டக் கூடாதுங்கய்யா. ஞாயித்துக்கெழமை சட்டி எடுத்துட்டு வாறேன்."

"ஞாயித்துக்கெழமை இருப்பீங்களா?"

"அது அவ பாடு." கோயிலைக் காட்டினார். "எம் புள்ளையக் குடுத்தவ. அவளுக்குச் சொன்ன வார்த்தைய விட்டுட்டு நான் எங்க போறது?"

நானும் அவளை நம்புகிறவன்தான். அதனால் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "உங்களுக்குப் பதிலாச் சட்டிய நான் எடுக்கிறேன். காப்ப எனக்குக் கட்டட்டும்."

பழனியாண்டி அந்த நிலையிலும் சிரித்தார். "ஐயாவா? ஐயா கை மருந்து அளக்குற கை. சட்டியத் தூக்குன சூட்டுல ஓட்டமா ஓடி டிஸ்பென்சரியில களிம்பு தடவிக்கிட்டு நிப்பீங்க."

"தள்ளுங்க ரெண்டு பேரும்," என்றாள் செல்லாயி. பூசாரிக்கு முன்னால் கையை நீட்டினாள். "இவரு காப்புக் கட்டுன அன்னையில இருந்து நானும் ஒரு நேரந்தான் திங்கிறேன். யாராச்சும் கேட்டீங்களா? எனக்குக் கட்டுங்க பூசாரி."

பூசாரி தயங்கினார். "பொம்பளைங்க சட்டி எடுக்கிறது உண்டு தாயி. கட்டுன காப்பக் கை மாத்துறதுதான் நான் பாத்ததில்ல."

"புள்ளை பொழைக்கணும்னு நேந்துக்கிட்டது ரெண்டு பேரும். இவரு மட்டுமா பெத்தாரு?"

பூசாரி அவர் கையிலிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அவளக் கேப்போம்" என்று உள்ளே போனார். அம்மன் தலையில் ஒரு பூவை வைத்தார். எல்லாரும் நின்றோம். வலது பக்கம் விழுந்தால் உத்தரவு. எனக்கு நிமிடம் நிமிடமாக அவருடைய இரத்தம் போவதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. நானும் வாய்விட்டுக் கேட்டேன், தாயே, என் பிழைக்கு அவரைத் தண்டிக்காதே என்று.

பூ வலது பக்கம் விழுந்தது. ஈரப் பூ எப்படியும் விழும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அது அவள் கொடுத்த உத்தரவு.

மஞ்சள் தண்ணீர் தெளித்து, அந்தக் கயிற்றை அவிழ்த்து, செல்லாயி கையில் கட்டினார் பூசாரி. பழனியாண்டி தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நின்றார். "இனி நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

"லொறியில ஏறுங்க," என்றாள் செல்லாயி. "சட்டியப் பத்தின கவலை ஒங்களுக்கு இல்ல."

பதுளை

தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ஸ்டேசனுக்குக் கொண்டுபோகும் லொறி பக்டரி வாசலில் நின்றது. பெரிய கங்காணி ஓடிப் போய்த் தோட்டத்து முதலாளி நிலையில் இருந்த துரையிடம் அனுமதி வாங்கி வந்தார். நாலு பெட்டியை இறக்கிவிட்டு, சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். காலுக்கு அடியில் இன்னும் இரண்டு சாக்கு. தண்ணீர் கேட்டார், உள்ளே புண் என்பதால் நான் கொடுக்கவில்லை. உதட்டை மட்டும் நனைத்தேன். டிரைவர் பண்டா சிங்களவர், எங்கள் தமிழைத் தன் போக்கில் பேசுவார். அன்று வளைவுகளில் அவர் ஓட்டிய பதத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு பெட்டிகூட ஆடவில்லை. எல்லைப் பாலம் வந்தபோது பழனியாண்டி கண்ணை மூடிக்கொண்டார். தாண்டிய பிறகுதான் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவரும் யாழ்ப்பாணத்தவர்.

"எத்தனை நாளாக் கறுப்பாப் போகுது?"

"அஞ்சாறு நாளா இருக்கும், சேர்."

"ஒருத்தரிட்டையும் காட்டேல்லையோ?"

"என்னட்டக் காட்டுனார். இரும்பு மருந்தாலன்னு நான் சொல்லிட்டேன்."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இப்ப எப்பிடிக் கண்டுபிடிச்சீர்?"

"நாக்குல கறை இல்ல, சேர்."

"ம்," என்றார். திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. "குடலிலை புண். இரத்தம் ஏத்த வேணும். ஆர் தருவினம்?"

என் இரத்தம் அவருக்குப் பொருந்தவில்லை. பொருந்தியது பண்டாவின் இரத்தம். ஸ்டேசனில் பெட்டிகளை இறக்கிவிட்டு, நிலைமை என்ன என்று பார்க்கத் திரும்பி வந்தவர் அவர். "எடுங்க எடுங்க," என்று சட்டைக் கையை மடித்தார். "நான் நல்லாச் சோறு சாப்பிட்டுதானே வந்தது."

பழனியாண்டி பிழைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை செல்லாயி தீச்சட்டி எடுத்தாள். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை, கால்மைல் ஏற்றம். சட்டிக்கு அடியில் வேப்பிலைக் கொத்து மட்டும்தான். நான் களிம்புப் போத்தலோடு கோயில் வாசலில் காத்திருந்தேன். இறக்கி வைத்ததும் கையைப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. "களிம்ப வச்சுக்கிருங்க, அடுத்த வருசம் ஐயா எடுப்பீங்கல்ல" என்றாள்.

புதன்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். இரண்டு மணிக்கு ஒரு தரம் பாலும், இடையில் புளிப்பை அடக்கும் பவுடரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். "கன்னுக்குட்டியாவே ஆக்கிட்டாங்கய்யா," என்றார். "நர்சம்மா வந்தா எனக்குக் கத்தணும் போல வருது." பிறகு குரலைத் தாழ்த்தி, "சட்டி நல்லா எரிஞ்சுச்சா?" என்று கேட்டார். எரிந்தது என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கேள்வியை மாற்றினோம்

டிஸ்பென்சர் ஐயா திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

"பிழை உம்மடை மட்டுமில்லை," என்றார். "குடிச்சனியோ எண்டு கேட்டா இந்தத் தோட்டத்திலை ஆர் இல்லையெண்டு சொல்லுவினம்? இல்லையெண்டு சொன்னவனுக்கு நாங்கள் என்ன குடுக்கிறம்? கவ்வாத்துக் கத்தி. உண்மையைச் சொல்ல இடம் வைக்காமல் கேள்வி கேட்டிட்டம்."

அவர் பெரிய கங்காணியிடம் பேசி, பெரட்டில் மருந்து கேட்கும் வழக்கத்தை நிறுத்தினார். இமை வெளுத்தவனுக்கு லேசான வேலை, மருந்து குடித்தாலும் குடிக்காவிட்டாலும். நாங்களும் கேள்வியை மாற்றினோம். "குடிச்சீங்களா?" என்று கேட்பதை விட்டோம். "எத்தனை வேளை தப்பிப்போச்சு?" என்று கேட்டோம். தப்பியிருக்கும் என்று நாமே ஒப்புக்கொண்டு கேட்டால், அவர்களுக்குச் சொல்லக் கூச்சம் இருக்காது. "ரெண்டு வேளைங்க", "மூணு நாளைங்க" என்று வரத் தொடங்கியது. சிலர், "எடுத்த எடுப்புலயே கொட்டிட்டேங்க" என்றார்கள். எத்தனை பேர் வீட்டு வாழையும் கத்தரியும் எங்கள் மருந்தைக் குடித்து வளர்ந்தன என்று அப்போதுதான் தெரிந்தது.

விரதத்தை விடச் சொல்லி நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. நானே விரதம் இருக்கிறவன். ஆனால் காப்புக் கட்டும் முன்பு பூசாரியே கோயிலில் நின்று சொல்லத் தொடங்கினார்: "மேல் மலையில காந்தல் உள்ளவங்க மொதல்ல டிஸ்பென்சரிக்குப் போயிட்டு வாங்க. போகாதவங்களுக்குக் கயிறு இல்ல." மருந்தில் இருப்பது சாராயம் இல்லை என்பதையும் அவரையே முகர வைத்து, அவர் வாயாலேயே சொல்ல வைத்தோம். அவர் சொன்னால் சனம் கேட்கும். வயிற்றுப் புண்காரர் விரதம் இருந்தே தீருவேன் என்றால், பாலும் பழமும் இடையிடையே எடுத்துக்கொள்ள அம்மன் அனுமதி உண்டு என்றும் அவர் சொன்னார். எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இளம் வயதில் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரே நோயை நூறு தடவை பார்த்த பிறகு, நூற்றியோராவது ஆள் வரும்போது பயப்படுங்கள். தெரிந்த பதில் நாக்கு நுனியில் வந்து நின்றால், அதை விழுங்கிவிட்டு இன்னொரு கேள்வி கேளுங்கள். மலம் கறுப்பு என்று ஒருவர் சொன்னால், மருந்தை உண்மையாகவே குடித்தாரா, தார் போல் ஒட்டுகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று மூன்றையும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் வேறு வேலைக்குப் போங்கள்.

பழனியாண்டி ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு கவ்வாத்துக்குப் போகவில்லை. நாற்று மேடையையே அவர் பொறுப்பில் விட்டார்கள். மகளுக்குக் கலியாணம் செய்து பேரனையும் பார்த்தார்.

இப்போது தோட்டத்தில் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்கிறார்கள். அம்மன் என் கனவில் வந்து நாக்கைப் பார் என்று சொன்னாளாம். நானே தீச்சட்டி எடுத்தேனாம். நான் தொட்டதும் இரத்தம் நின்றதாம். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் என் காதுபடவே ஒருவர் சொன்னார், நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். விளக்கை ஏற்றக் கை வரவில்லை. மறுநாள் இதை எழுதத் தொடங்கினேன்.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கும், மருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அம்மனின் அருளைக் குறைக்க வேண்டாம், என் பிழையையும் குறைக்க வேண்டாம். சட்டி எடுத்தவள் செல்லாயி. இரத்தம் கொடுத்தவர் பண்டா. நான் செய்தது, முதலில் பார்க்காமல் விட்டதும், பிறகு பார்த்ததும். இதில் எதையும் கூட்டாமல், எதையும் எடுக்காமல் நீங்கள் சொன்னால், நான் நிம்மதியாக விளக்கேற்றுவேன்.